மொரிஸ் பிக்கப்பை ரட் ரொட் ஆக்கியது: ஹட்டனிலிருந்து அளவும் செலவும்

பிக்கப் இப்போது ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்குகிறது. இறங்குவதோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்கவும் செய்கிறது. வேலையில் பெரும்பகுதியைத் தின்றது அந்த இரண்டாவது சங்கதிதான்.

வண்டி மொரிஸ் மைனர் 1000 பிக்கப். அசல் முன் மட்காட் இல்லை, பொனட்டின் பக்கங்கள் திறந்தவை, உடம்பு முழுக்க மங்கிய கறுப்பு. அமெரிக்காவில் பழைய ஃபோர்ட் மாடல் ஏ வண்டிகளின் கூரையை அறுத்து, உடம்பைத் தாழ்த்தி, பளபளப்பில்லாமல் ஓட்டுகிறார்களே, அந்த ரட் ரொட் வகையை மலையகத்தில் செய்து பார்க்கும் ஆசை. அங்கே காய்ந்த வெயிலில் செய்வதை இங்கே அப்படியே செய்ய முடியாது. எதைச் செய்ய முடிந்தது, எதைத் திருப்பிக் கழற்ற வேண்டியிருந்தது என்பதை வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மொரிஸ் மைனர் காருக்குத் தனிச் செசி, அதாவது உடம்பைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. பிக்கப்புக்கும் வேனுக்கும்தான் உண்டு. உடம்பைத் தூக்கி வைத்துவிட்டு அடியில் வேலை செய்யலாம் என்பதால் பிக்கப்பாகத் தேடினேன். டிக்கோயாப் பக்கம் ஓய்வுபெற்ற லொறிச் சாரதி ஒருவரின் மாட்டுக் கொட்டிலை ஒட்டி ஒன்று நின்றது. எஞ்சின் இல்லை, பின்தட்டு உளுத்துப்போயிருந்தது, கண்ணாடி மட்டும் தப்பியிருந்தது. ஆனால் பதிவுப் புத்தகம் பத்திரமாக இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, நான்கு சக்கரமும் ஒரு புத்தகமும் இருந்தால் எதற்கும் விலை உண்டு என்று ஆகியிருந்தது. மூன்றரை இலட்சம் ரூபா கொடுத்தேன். கொஞ்சம் அதிகம்தான். புத்தகம் இல்லாத வண்டியை ஐம்பதாயிரத்துக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.

என் கராஜ் வீட்டுச் சுவரோடு சேர்த்து இறக்கிய தகரக் கூரை. பன்னிரண்டடி அகலம், இருபதடி நீளம். மழைத் தண்ணீர் ஓடட்டும் என்று தரையை வாசல் பக்கம் சாய்த்துத்தான் போட்டிருக்கிறோம். அந்தத் தரையை நம்பிச் செசியை அளந்தால் எல்லாமே கோணலாக வரும். அதனால் செசியை நான்கு ஸ்டாண்டில் ஏற்றி, மேசன்மார் பயன்படுத்தும் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தோம். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி நின்றால்கூட மட்டம் பொய் சொல்லும். விரலால் சுண்டிச் சுண்டி அதை மேலே ஏற்றி வெளியேற்ற வேண்டும். பிறகு ஸ்பிரிங் மாட்டும் துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சோக்கால் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை அளந்தேன். இரண்டு மூலைவிட்டங்களுக்கும் 11 மி.மீ. வித்தியாசம். வலது பக்கம் பின் ஸ்பிரிங் தொங்கும் இடம் துருவில் உள்வாங்கியிருந்ததுதான் காரணம்.

செசியில் எது நல்ல இரும்பு, எது வெறும் பெயின்ட் என்று கண்டுபிடிக்க நூற்றைம்பது கிராம் சுத்தியல் போதும். நல்ல இடம் கணீர் என்றது, உளுத்த இடம் தொப்பென்றது. தொப்பென்ற இடங்களையெல்லாம் சோக்கால் வட்டமிட்டபோது வலது பின்பக்கமும், முன்பக்கத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பிகளின் பின்முனையைப் பிடிக்கும் குறுக்குச் சட்டமும் வட்டங்களாலேயே நிறைந்தன. அறுத்தெடுத்துவிட்டு 3 மி.மீ. தகடு வைத்தேன். வேலை முடிந்தபோது மூலைவிட்ட வித்தியாசம் 3 மி.மீ. ஆகியிருந்தது. அதற்குமேல் அதை நோண்டவில்லை.

கெபினைத் தூக்கும் முன் இரண்டு கதவு வாசல்களிலும் ஒரு அங்குலப் பெட்டிக் கம்பியைக் குறுக்கே வெல்ட் வைத்தோம். இதைச் சொல்லித் தந்தவர் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் இயந்திரங்களைப் பொருத்திப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர். ஊரே அவரைப் பிட்டர் மாமா என்றுதான் கூப்பிடும். “தம்பி, கதவு இல்லாத கெபினைத் தூக்கினால் அது திரும்பக் கதவுக்குச் சரியாக வராது” என்றார். கம்பியை வெட்டும் வரைக்கும் கெபின் ஒரு நூல்கூட அசையவில்லை.

வெல்டிங்கில் முதல் தொல்லை கரன்ட். 200 அம்பியர் இன்வெர்ட்டர் வெல்டர் என்னிடம் இருந்தது. எல்லா வீட்டிலும் அடுப்பும் விளக்கும் ஏறும் மாலை ஆறரை மணிக்கு வோல்ட்மீட்டர் 190-இல் நிற்கும். அந்த நேரத்தில் வைத்த வெல்டைத் தட்டினால் கையோடு வரும். காலையில் வைத்தவை ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தொல்லை மூடுபனி. வெல்டிங் குச்சியின் பூச்சு ஈரத்தைக் குடித்துவிட்டால் வெல்ட் முழுக்க ஊசித் துளைகள் விழும். பழைய பிஸ்கட் தகர டின்னுக்குள் 40 வாட் பல்ப் ஒன்றை எரியவிட்டு, குச்சிகளை இரவெல்லாம் அதற்குள் வைத்தேன். துளை நின்றது. செசிக்கு 2.5 மி.மீ. குச்சி சரியாக இருந்தது. கெபின் தகட்டில் அதே குச்சி வெல்ட் வைப்பதற்குப் பதிலாகப் பொத்தல் போட்டது. அதற்கு மட்டும் 0.8 மி.மீ. கம்பி ஓடும் மிக் வெல்டரை வாடகைக்கு எடுத்தேன். காற்று அடித்தால் அதன் வாயு பறந்துவிடும் என்பதால் வாசல் பக்கம் படங்கு கட்டி, அதன் ஓரத்தில் கல் வைத்தோம்.

கூரையை மூன்று அங்குலம் வெட்டித் தாழ்த்துவது ஆரம்பத் திட்டத்தில் இருந்தது. ரட் ரொட் என்றால் அதுதான் முகம். அளந்து கோடு போட்ட பிறகு கண்ணாடிக்காரரிடம் கேட்டேன். 1956-இல் வந்த மொரிஸ் 1000-இலிருந்து முன் கண்ணாடி ஒரே துண்டு, வளைந்தது. என்னுடையது உறுதிப்படுத்திய கண்ணாடி. அதை வெட்ட முடியாது, வெட்டப் போனால் பொடிப்பொடியாகிவிடும். அதற்கு முந்திய மொரிஸில் நடுவில் பிரிந்த இரண்டு தட்டைக் கண்ணாடிகள். அவற்றைப் போல வேண்டிய அளவில் புதிதாக வெட்டி வாங்கலாம். மாடல் ஏயிலும் தட்டைக் கண்ணாடிதான். அமெரிக்கர்கள் சர்வசாதாரணமாகக் கூரையை வெட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். கோட்டை அழித்துவிட்டேன். இன்று பார்க்கும்போது அந்த உருண்டைக் கூரை வெட்டப்படாமல் இருப்பதுதான் வண்டிக்கு அழகு என்று படுகிறது. வெட்ட முடியாதவன் சொல்வது என்று மச்சான் கிண்டல் செய்கிறான்.

எஞ்சினுக்குக் கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தை. 948 சி.சி., 37 குதிரைவலு கொண்ட அசல் எஞ்சினைத் தேடிப் பொருத்துவதைவிட, நிஸான் ஏ15, 1488 சி.சி. பெற்றோல் எஞ்சினை வாங்குவது சுலபம். டட்சன் (நிஸானின் பழைய வணிகப் பெயர்) எஞ்சினை மொரிஸில் இறக்குவது உலகத்தின் பல ஊர்களில் நடந்து பழகிய வேலை. ஐந்து கியர் பெட்டியோடு ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம். பற்றுச்சீட்டில் எஞ்சின் இலக்கத்தை எழுதித் தரும்படி கேட்டு வாங்கினேன். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புத்தகத்தை மாற்ற அந்தத் தாள் வேண்டும்.

உண்மையான எஞ்சினைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் முதுகு போய்விடும். எண்ணெய்த் தட்டின் அடிப்பகுதியை மட்டும் அட்டைப் பெட்டியால் அதே அளவில் ஒட்டிச் செய்து, செசிக்குள் வைத்துப் பார்த்தேன். ஸ்டீயரிங் ரேக்கில் இடித்தது. 40 மி.மீ. முன்னே, 15 மி.மீ. மேலே தூக்கினால் விரல் நுழையும் இடைவெளி கிடைத்தது. எஞ்சின் மவுன்ட்டுகளை அந்த இடத்துக்கு 5 மி.மீ. தகட்டில் செய்தேன். அசல் மொரிஸில் பட்டரியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். ஏ15-இன் ஆல்டர்னேட்டருக்கு அது எதிர்மாறு. அதனால் பழைய வயர் எல்லாவற்றையும் உருவி எறிந்துவிட்டுப் புதிதாக இழுத்தோம். பழைய வயரின் துணி உறை தொட்டதும் உதிர்ந்ததால் அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பலர் ஷாப்ட்டை நீளம் குறைக்க ஹட்டனில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தோம். மாட்டி ஓடினால் மணிக்கு 45 கி.மீ. தாண்டியதும் இருக்கை நடுங்கியது. சமநிலை இல்லை என்று நினைத்துக் கண்டியில் கொடுத்தபோது, அங்கே இருந்த பாஸ் ஷாப்ட்டை மேசையில் படுக்க வைத்து இரண்டு முனைகளையும் காட்டினார். இரண்டு முனைகளிலும் மூட்டைப் பிடிக்கும் கவைகள், அதாவது யோக்குகள், ஒரே தளத்தில் நிற்க வேண்டும். வெல்ட் வைத்தபோது ஒன்று மற்றதிலிருந்து ஏறக்குறைய இருபது பாகை திரும்பிவிட்டது. அப்படி இருந்தால் எத்தனை தடவை சமநிலை பார்த்தாலும் நடுக்கம் போகாது. வெட்டி, திருப்பி வெல்ட் வைத்து, பிறகு சமநிலை பார்த்தார். ஷாப்ட் செலவு இரண்டு இடத்திலுமாக முப்பத்தெட்டாயிரம். குழாயை வெட்டும் முன்பு அதன் நெடுக ஒரே நேர்கோடு கீறிவிட்டால் இந்தச் செலவில் பாதி மிச்சம்.

உருவத்தில் இறங்கியது அதன் பிறகு. முறுக்குக் கம்பியின் பல்லை மாற்றி முன்பக்கத்தையும், பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை எடுத்துப் பின்பக்கத்தையும் 75 மி.மீ. தாழ்த்தினேன். படத்தில் அருமையாக இருந்தது. தோட்டத்து வீதியில் முதல் மதகிலேயே எண்ணெய்த் தட்டு கல்லில் உரசிவிட்டது. கொழுந்து லொறிக்கென்று போட்ட வீதி அது, நடுவில் கல் எழும்பித்தான் இருக்கும். இப்போது 25 மி.மீ. மட்டும் தாழ்ந்திருக்கிறது. எண்ணெய்த் தட்டுக்குக் கீழே 4 மி.மீ. தகட்டில் ஒரு காப்பும் உண்டு.

அலங்காரத்தில் எனக்குப் பிடித்தது முன் வலை. பிட்டர் மாமா வழியாகத் தொழிற்சாலை கழித்துப்போட்ட இரும்பு கிடைத்தது. கொழுந்து வாட்டும் தொட்டியின் கம்பி வலை அதில் ஒன்று. மூன்றடித் துண்டை வெட்டி, ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டினேன். வலைக் கண்களில் இன்னும் ஒரு கறுப்புப் பிசின் ஒட்டியிருக்கிறது. வெயில் ஏறும்போது அதிலிருந்து தேயிலை வாடும் மணம் வருவதாக மாமா சொல்கிறார். எனக்கு வருவது எண்ணெய் மணம்தான். இருக்கைகளின் அடிப்பகுதி தகர ஓரம் அடித்த பழைய தேயிலைப் பெட்டிகளின் பலகை. பின்தட்டுக்குக் கிரண்டிஸ் (ஒரு வகை யூகலிப்டஸ்) பலகை, ஒரு அங்குலத் தடிப்பு. பலகைகளை முட்டமுட்ட அடிக்காமல் 6 மி.மீ. இடைவெளி விட்டேன். மழையில் ஊதி இப்போது 2 மி.மீ.தான் மீதி.

பெயின்ட் அடிக்காமல் துருவையே நிறமாக விட்டு, மேலே ஆளி விதை எண்ணெய் பூசுவது ரட் ரொட்காரர்களின் பழக்கம். இங்கே அது காயவே இல்லை. விரல் வைத்தால் ஒட்டியது, தூசியெல்லாம் அதில் படிந்தது, கதவின் உள்பக்கம் பூஞ்சணம் பூத்தது. தின்னரால் கழுவி, துரு மாற்றும் அமிலம் தடவி, சிவப்பு ஒக்சைட் இரண்டு பூச்சு, அதன்மேல் மங்கிய கறுப்பு. பெயின்ட் வகையறா பதினாலாயிரம்.

திறந்த எஞ்சினும் அதே கதை. முன் மட்காட்டும் உள்தகடும் இல்லாமல் வட்டவளைப் பக்கம் போனேன். இலங்கையிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் அது ஒன்று. முன் சக்கரம் வாரியடித்த தண்ணீர் நேராக, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில் விழுந்து வண்டி அங்கேயே நின்றது. மூடியைக் கழற்றித் துடைத்தால் ஓடும், அடுத்த குட்டையில் நிற்கும். பொனட்டின் மேல்பகுதியைத் திருப்பி மாட்டி, சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தகட்டுத் தடுப்பு வைத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்கு லொறி டியூப் ரப்பரில் ஒரு சட்டை தைத்துப் போட்டேன். சக்கரத்தோடு திரும்பும் குறுகிய மட்காட்டையும் அப்போதே செய்தேன். 2025 ஜனவரியில் வாகனங்களில் சேர்த்த கூடுதல் பொருட்களைப் பொலிஸார் கழற்றச் சொல்லத் தொடங்கியிருந்த காலம். சக்கரம் மூடாமல் வீதியில் ஏறுவது புத்தியில்லை.

இனி பிரேக். 948 சி.சி. மொரிஸில் நான்கு சக்கரத்திலும் 7 அங்குல டிரம். 37 குதிரைவலுவுக்குப் போட்ட பிரேக்கை வைத்துக்கொண்டு 1488 சி.சி. எஞ்சினோடு ஏ7 வீதியில் இறங்கினேன். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரம். அங்கிருந்து கினிகத்தேனை வரை வீதி வளைந்து வளைந்து இறங்கும். கால்வாசி தூரம் போகும் முன்பே பெடல் கல் மாதிரி இறுகிவிட்டது. மிதித்தால் பிடி இல்லை. இறுகிப் பிடிக்காவிட்டால் டிரம்மில் உரசும் லைனிங் சூடேறிவிட்டது என்று அர்த்தம். பஞ்சு மாதிரி உள்ளே போனால் எண்ணெய் கொதித்துவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அன்று இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேன்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கத்து மண்மேட்டில் சக்கரத்தை உரசி நிறுத்தினேன். பக்கத்தில் இருந்த மச்சான் இறங்கி நடந்தே வீட்டுக்கு வருவதாகச் சொன்னான்.

முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் என்று முடிவானது. பழைய நிஸான் சனி காரின் டிஸ்க்கும், அதை இறுக்கிப் பிடிக்கும் கலிப்பரும் பஞ்சிகாவத்தையில் கிடைத்தன. மொரிஸின் ஸ்டப் அக்சிலில், அதாவது முன் சக்கரம் சுழலும் குட்டை அச்சில், கலிப்பரைப் பிடிக்கும் பிராக்கெட்டைத்தான் நாமே செய்ய வேண்டும். அட்டையில் மாதிரி வெட்டி, சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து, 10 மி.மீ. தகட்டில் லேத் பட்டறையில் வெட்டி வாங்கினேன். இதில் வெல்ட் எதுவும் வேண்டாம், முழுக்க போல்ட்டுதான். டிஸ்க் கலிப்பரின் சரிநடுவில் நிற்க ஒரு பக்கம் 2 மி.மீ. வொஷர் தேவைப்பட்டது. ரிம்முக்கும் கலிப்பருக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க, சவர்க்காரத் துண்டை ஈரமாக்கிக் கலிப்பரின் முதுகில் அப்பி ரிம்மை மாட்டிச் சுழற்றினேன். நசுங்கி மிஞ்சிய தடிப்பு 4 மி.மீ.

ரிம்மில் ஒரு பொறி இருக்கிறது. மொரிஸின் நான்கு போல்ட்டு வட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. பல ஜப்பான் கார்களின் ரிம் 100 மி.மீ. அந்த ரிம் மொரிஸில் ஏறிவிடும், நட்டும் இறுகும். மலிவாக நான்கு கிடைத்ததென்று லேத் பாஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு நட்டை விட்டு, அதன் கூம்பு துளையின் ஒரு பக்கத்தில் மட்டும் உட்கார்ந்திருப்பதைக் காட்டினார். “மாத்தயா, இதைப் போட்டு மலையில் இறங்கினால் சக்கரம் உங்களுக்கு முன்னால் போய்ச் சேரும்” என்று சிங்களம் கலந்த தமிழில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அசல் மொரிஸ் ரிம்களையே மணல் அடித்து எடுத்தோம். சனி டிஸ்க்கையும் மொரிஸ் வட்டத்துக்குத் துளைத்தோம். இல்லாவிட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி ஸ்பேர் சக்கரம் சுமக்க வேண்டியிருக்கும்.

மொரிஸின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே ஒளிந்திருக்கும். அதிலிருந்து போவது ஒரே குழாய்த் தொகுதி. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அதை எடுத்துவிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக அழுத்தும் இரட்டைச் சிலிண்டரைப் பெடலுக்கு மேலே கெபின் சுவரில் தொங்கவிட்டேன். சுவர் தகடு மிதிக்கும்போது வளைந்ததால் உள்பக்கம் 3 மி.மீ. தகடு. குழாய்கள் 3/16 அங்குலம், முனைகள் இரட்டை மடிப்பு. மடிப்புக் கருவி நண்பர் ஒருவருடையது. பிரேக் எண்ணெய் டொட் 4 தரம். புதிதாக இருக்கும்போது டொட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 பாகை, டொட் 4-க்கு 230. ஈரம் குடித்த பிறகு அவை 140, 155 ஆகிவிடும். எங்கள் ஊர் ஈரத்துக்கு அந்தப் பதினைந்து பாகை பெரிய விஷயம். மூடியைத் திறந்த போத்தலில் மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். பிரேக் வேலைக்கு மொத்தம் தொண்ணூற்றாறாயிரம்.

இறக்கத்தில் பிரேக் என்றால் ஏற்றத்தில் ரேடியேட்டர். பழைய மொரிஸ் ரேடியேட்டரோடு கித்துல்கலையிலிருந்து ஏறியபோது கினிகத்தேனைக்கு முன்பே ஆவி கக்கியது. ஹட்டன் உயரத்தில் மூடி இல்லாத பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் மூடியின் அழுத்தம் இங்கே முக்கியம். சனி ரேடியேட்டர், 13 இறாத்தல் மூடி, 12 அங்குல மின்விசிறி என்று மாற்றியதும் ஊசி நடுவில் நின்றது. வயரிங்கையும் சேர்த்து ஐம்பத்தெட்டாயிரம்.

மீதிக் கணக்கு: தகடு, பெட்டிக் கம்பி, குச்சி, அறுக்கும் தட்டு எல்லாம் அறுபத்தோராயிரம். மிக் வெல்டர் வாடகையும் வாயுவும் இருபத்துநாலாயிரம். நான்கு டயரும் ரிம் வேலையும் தொண்ணூற்றாறாயிரம். பலகையும் தொழிற்சாலை இரும்பும் பத்தொன்பதாயிரம். எல்லாம் சேர்த்து ஒன்பது இலட்சத்து நாற்பத்தோராயிரம் ரூபா. மாமாவுக்குக் கூலி கொடுக்கப் போனால் திட்டுவார் என்பதால் அது கணக்கில் இல்லை.

இன்னொன்று செய்தால் வரிசையை மாற்றுவேன். செசி, பிரேக், ரேடியேட்டர், பிறகு எஞ்சின். வலை, பலகை, நிறம் எல்லாம் வண்டி மலையில் ஒருமுறை இறங்கி ஏறிய பிறகுதான். முடிந்தால் தட்டைக் கண்ணாடி வைத்த பழைய மொரிஸாகப் பார்ப்பேன், கூரையை வெட்டும் ஆசை முழுக்கப் போய்விடவில்லை. இப்போதைய வண்டியில் கியர் பெட்டியின் பின் சீல் கசிகிறது, வைப்பர் மோட்டார் மழைக்குப் போதவில்லை, எஞ்சின் இலக்கத்துக்கான விண்ணப்பம் இன்னும் மேசையில் இருக்கிறது. சீல் வாங்கப் போகும் அன்றே அதையும் கொடுத்துவிட்டு வர வேண்டும்.